கிள்ளான் பக்கம் பறந்த நாடா

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் பால்கனிக் கம்பியில் ஒரு சிவப்பு நாடா கட்டியிருக்கிறது. என் கல்யாணப் புடவை ஒன்றின் கரையைக் கேட்காமலே கிழித்து மாமனார் கட்டியது. "நீ இனிமே இத உடுத்தப் போறதில்ல, காத்துக்காவது உதவட்டும்" என்றார். ஓய்வு பெறும்வரை வானிலை நிலையத்தில் காற்றை அளந்தவர். நுரையீரல் கெட்ட பின்னும் நாக்கின் கூர்மை குறையவில்லை.

அந்த ஆண்டு புகைமூட்டம் வந்தபோது என் மகளுக்கு நான்கு மாதம். சன்னல்களை அடைத்து, கதவிடுக்கில் ஈரத்துணி செருகி, கைப்பேசியில் காற்றுத்தர எண்ணைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். "பட்டதாரி, அந்த நம்பர் நேத்து காத்தோட ஜாதகம். நாடாவப் பாரு" என்பார் மாமா. பிறகு யாரும் கேட்காமலே தொடங்குவார். ஆண்டின் நடுவில் ஆஸ்திரேலியாப் பக்கம் குளிர்ந்து கனத்த காற்று, சூடேறிய ஆசிய நிலத்தை நோக்கி வடக்கே கிளம்புகிறது. நிலநடுக்கோட்டைத் தாண்டியதும், பூமி சுழல்வதால், வலப்பக்கம் வளைகிறது. வளைந்து வரும் வழியில் சுமாத்ரா தீவு கிடக்கிறது. அங்கே காடு எரிந்தால் புகை நமக்கு. ஆண்டின் கடைசியில் அதே காற்று திரும்பி வீசும். நாடா வடக்கே செந்தூல் பக்கம் பறந்துகொண்டிருக்கிறவரை சன்னலைத் திறக்காதே. மேற்கே கிள்ளான் பக்கம் திரும்பிவிட்டால் திற. அவ்வளவுதான் அவர் சொன்னது. அதைச் சொன்ன விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

கிள்ளானிலிருந்து என் அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள். பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றிச் சாம்பிராணி போடாவிட்டால் சளி பிடிக்கும் என்பாள். அடைத்த வீட்டுக்குள் தூபக்காலில் கரி மூட்டிப் புகை போட்டேன். மாமா கதவருகில் நின்று, "சுமாத்ராக்காரன் வெளிய கொளுத்துறான், நீ உள்ள கொளுத்துற. நல்ல கூட்டு லா" என்றார். செய்வது சரியா என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. ஆனாலும் செய்தேன்.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, என் கணவர் சுபாங் ஜெயாவுக்கு வேலைக்குக் கிளம்பும்போது, அவர் முன்னாலேயே மாமா சொன்னார்: "புள்ளைக்குப் பால் பத்தல. பயத்த மட்டும் நல்லா ஊட்டுறா." கணவர் சிரித்துவிட்டுக் காலில் சப்பாத்தை மாட்டினார். பத்து மணிக்கு மாமா பால்கனியிலிருந்து வந்து, "காத்து மாறிடுச்சும்மா, சன்னலத் தெற" என்றார். நான் கைப்பேசியைப் பார்த்தேன். எண் இன்னும் சிவப்பில் இருந்தது. நாடாவைப் பார்க்கவில்லை. சாம்பிராணி போட்டேன். கூடத்தில் அவர் இருமத் தொடங்கினார். நான் தூபக்கால் கரிமேல் விசிறியை மேலும் இரண்டு முறை வீசினேன். அது கவனக்குறைவு என்று பல ஆண்டுகள் எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். கவனமாகத்தான் வீசினேன்.

மூச்சு முட்டிய மாமாவுக்காக வந்த ஆம்புலன்ஸுக்கு வழிகாட்டப் பால்கனிக்கு ஓடியபோது வானம் நீலமாக இருந்தது. நாடா கிள்ளான் பக்கம் படபடத்தது.

"வீட்டுல யாராச்சும் சிகரெட் பிடிப்பாங்களா அக்கா? ஏதும் புகை?" என்று ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் கேட்டார்.

"இல்ல டாக்டர். புகைமூட்டம்தான்."

மாமா ஆக்சிஜன் முகக்கவசத்தை இறக்கினார். "எழுதிக்கோங்க டாக்டர். என் மருமக படிச்சவ. காத்து மேல பழி போட்டா, காத்து வந்து சாட்சி சொல்லாதுன்னு தெரியும்."

கிழவரின் கிண்டல் என்று நினைத்து டாக்டர் சிரித்தார். மூன்றாம் நாள் மாமா போய்விட்டார். சுமாத்ராக்காரன் கொன்றுவிட்டான் என்று சாவு வீட்டில் எல்லோரும் பேசினார்கள். என் கணவர் இன்றும் அப்படித்தான் சொல்கிறார். நான் திருத்தியதில்லை.

மகளுக்கு இப்போது ஆறு வயது. பள்ளிக்கூடத்துக்காக உலகப் படத்தில் காற்றுகளை அம்புக்குறியாக வரைந்துகொண்டிருந்தவள் கேட்டாள்: "தாத்தா எப்படிம்மா செத்தாரு?"

"புகைமூட்டத்துல."

அவள் சுமாத்ராவிலிருந்து நம் வீடுவரை ஒரு அம்பு வரைந்து, அதற்குக் கறுப்பு நிறம் தீட்டினாள். "சரியாம்மா?" என்றாள். சரி என்றேன்.

இன்று வெள்ளிக்கிழமை. வெளுத்துப்போன நாடா கிள்ளான் பக்கம் பறக்கிறது. சன்னல்களை எல்லாம் திறந்து வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் மூச்சுத் திணறுகிறவர் இப்போது யாரும் இல்லை.