வாங்கோ என்ற சொல்

இரத்தம் குடிக்கும் பேய்க்கு ஒரு விதி உண்டாம். வீட்டுக்காரர் வாய் திறந்து அழைக்காமல் அது வாசலைத் தாண்டாது. கைபேசியில் நான் வாசித்துக்கொண்டிருந்த நாவல் அப்படித்தான் சொன்னது. எழுதியவர் எங்கள் சல்லிக் கிராமத்துப் பக்கம் வந்தே இருக்கமாட்டார். வேலிப் படலையில் நிழல் தெரிந்தாலே "வாங்கோ" என்கிற ஊர் இது.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வீட்டில் நான் மட்டும்தான்; கரண்டும் இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் வந்து நின்றார். வெளிறிய முகம், சிவந்த வாய். வெற்றிலைதான் என்று தெரிந்தும் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"பிள்ளை, கருவாடு விக்கிற வீடு இதுவோ?"

"இல்லை. அங்கால, கோயிலடியில."

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி தருவீங்களோ?"

வேறு நாளென்றால் உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டிருப்பேன். அன்று கதவை ஒரு சாண் மட்டும் திறந்து செம்பை நீட்டினேன். அந்த ஒரு சொல் வந்துவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பித் தந்தார். விரல்கள் சில்லென்று இருந்தன.

"அப்ப போயிட்டு வாறன்."

தப்பினேன் என்று மூச்சு விட்டேன். வாய் தன்பாட்டில் திறந்தது.

"ஓம், போயிட்டு வாங்கோ."

படியிறங்கியவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். சட்டென்று கதவைப் பூட்டினேன். பூட்டி என்ன, அழைத்தாயிற்று.