எட்டைப் பார்த்த பக்கம்

புறங்கையைத்தான் வைக்கிறார் தனலெட்சுமி, உள்ளங்கையை அல்ல. பாசிர் கூடாங் எண்ணெய்க் கிடங்கின் ஒன்பதாம் டேங்கில், படி ஏற ஏறச் சுவரைத் தொட்டுக்கொண்டே போகிறார். ஓரிடத்தில் சுட்டதும் கையை வெடுக்கென்று இழுக்கிறார். "இதுக்குக் கீழ எண்ணெய். மேல வெறும் ஆவி." கட்டுப்பாட்டு அறைத் திரையிலும் அதே அளவுதான். திரை பொய் சொல்லும் என்று அவர் சொல்வதில்லை. தன்னோடு ஒத்துப்போகிறதா என்று தினமும் பார்த்துவிடுகிறார், அவ்வளவுதான்.

மாசாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் இந்த ஐம்பத்தோரு வயதுத் தீயணைப்புக் குழுக்காரருக்குச் சூடு என்றாலே ஆகாது. தே தாரேக் மட்டும் கொதிக்கக் கொதிக்க இறங்க வேண்டும். "ஆறிப்போனா அது டீயா லா? கிளாஸ் கழுவுன தண்ணி."

நிரம்பிய டேங்கைக் கண்டு ஊரே பயப்படும். அவருக்குப் பயம் பாதி காலியானதைக் கண்டுதான். "சட்டியில கொழம்பு இருக்கற வரைக்கும் அடி தாங்கும். கொழம்புக்கு மேல இருக்கற வெறும் தகரம்தான் மொதல்ல செவக்கும். பக்கத்து டேங்க் எரிஞ்சா நெருப்பு நடந்து வரணும்னு இல்ல, அனலே போதும்."

அந்த அனலுக்குத்தான் ஒவ்வொரு டேங்கின் உச்சியிலும் தண்ணீர் தெளிக்கும் குழாய் வளையம். ஒன்பதின் வளையத்தில், எட்டாம் டேங்கைப் பார்த்த பக்கம், துவாரங்கள் துருவேறி அடைத்துவிட்டன. மூன்று முறை எழுதிக் கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. நாளை ஆடிட் என்றதும் மேற்பார்வையாளர் வசந்தன் கையெழுத்து வாங்க ஒரு பாரத்தோடு வந்தார். 'வளையம் நல்ல நிலையில்' என்று அதில் அச்சடித்தே இருந்தது.

"கையெழுத்துப் போடுங்கக்கா. மூணு பக்கம் தண்ணி வருதுல்ல? இருவது வருஷமா ஒரு பொறிகூட விழல."

"மூணு பக்கம் மட்டும் வான்னு நெருப்புகிட்ட சொல்லிட்டு வாங்க தம்பி, போடுறேன்."

"ஒங்க கான்ட்ராக்ட் இந்த மாசம் முடியுது. புது லெட்டர் என் மேசையிலதான் கெடக்கு. யோசிங்க."

"யோசிச்சாச்சு."

பாரத்தையும் பேனாவையும் பிடுங்கிக்கொண்டு வெளியே நடந்தார். "அலமாக்! எங்கக்கா போறீங்க?" என்று வசந்தன் பின்னாலேயே ஓடினார்.

தனலெட்சுமி ஒன்பதின் தண்ணீர் வளைய வால்வைத் திறந்தார். டேங்கின் மூன்று பக்கமும் கொட்டுகிற மழை. இஸ்திரி போட்ட சட்டை நனையாமல் ஒதுங்க இடம் தேடிய வசந்தன், எட்டைப் பார்த்த பக்கத்துக்கே ஓடிவந்து சுவரோரம் நின்றார்.

தனலெட்சுமியும் அவர் பக்கத்தில் போய் நின்றார். பேனாவை மூடிப் பையில் செருகினார். கையெழுத்துக் கட்டம் காலியாகக் கிடந்த அந்தப் பாரத்தை இருவர் தலைக்கும் மேலே, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். ஒரு சொட்டு விழவில்லை.