பெரிய இன்ஜெக்டரும் ஒரு நிமிடக் கெடுவும்

குழந்தைகள் வார்டு நர்ஸுக்கு ஆஸ்பத்திரிக்குள் ஒரு பெயர், வெளியே வேறொரு பெயர். உள்ளே எல்லோருக்கும் சிஸ்டர். வெளியே, மலைப்பாதையில் கார்ப் பந்தயம் ஓட்டுகிறவர்கள் மத்தியில், தள்ளுவண்டி அக்கா. இரண்டாவது பெயர் வந்த கதை மானம் போன கதை. இரண்டு வருடமாகப் புறப்படும் கோட்டில் அவள் கார் ஸ்டார்ட் ஆகாமல் கழுத்தறுத்தது. இரண்டு தடவையும் கொடிக்காரரும் அவருடைய ஆட்களும் பின்னால் கை வைத்துத் தள்ளி அதை ஓரங்கட்டினார்கள். யாரோ ஒரு புண்ணியவான் வாயிலிருந்து அந்தப் பெயர் விழ, ஒட்டிக்கொண்டது.

பந்தயம் நடத்தும் சங்கத்தின் விதி இதுதான். கொடிக்காரர் கூப்பிட்டு ஒரு நிமிடத்துக்குள் இன்ஜின் ஓடவேண்டும். மூன்று வருடம் தொடர்ந்து ஓடாத காரை அதற்குப் பிறகு பதிவு செய்யவே மாட்டார்கள். இது மூன்றாவது வருடம்.

காரில் இருப்பது ரோட்டரி இன்ஜின். மற்ற கார்களில் பிஸ்டன் மேலும் கீழும் போய் வரும். இதில் மூன்று மூலை உள்ள ஒரு இரும்புக் கட்டி அறைக்குள் சுழன்றுகொண்டே இருக்கும். மலை ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்று இவள்தான் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டரைப் பெரியதாக மாட்டச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றாள். மெக்கானிக் அவளுடைய சொந்தத் தம்பி. மாட்டினான். கார் பறந்தது, ஸ்டார்ட் ஆனால். ஸ்டார்ட் ஆவதுதான் பாடு. தேவைக்கு மேல் பெட்ரோல் கொட்டி, பிளக்கை நனைத்து, மூலைகளில் இருக்கும் எண்ணெயையும் கழுவிவிடும். எண்ணெய் போனால் காற்றுக் கசியும், அழுத்தம் வராது, பிறகு செல்ஃபைச் சுற்றிச் சுற்றிக் கை வலிப்பதுதான் மிச்சம்.

"பழசையே மாட்டிடலாம்க்கா. ஸ்டார்ட் ஆனாப் போதும்ல?" என்றான் தம்பி.

"ஸ்டார்ட் ஆனாப் போதும்னா வீட்ல மிக்ஸி இருக்கே."

அவன் பழைய இன்ஜெக்டரை அலமாரியிலேயே திருப்பி வைத்தான். அக்காவிடம் சிறு வயதிலிருந்தே ஜெயித்ததில்லை.

கோளாறை அவள்தான் பிடித்தாள். வார்டில் டிரிப்ஸுக்குப் பெரிய சொட்டு விழும் குழாயை மாட்டினால் சொட்டு எண்ணிக்கையைக் குறைக்கவேண்டும். இல்லாவிட்டால் குழந்தைக்கு மருந்து அதிகமாகிவிடும். "ஓடுறப்போ எவ்வளவு பெட்ரோல்னு கணக்கை மாத்தினே. சாவி திருப்புறப்போ ஊத்துற முதல் டோஸை மாத்தினியா?" என்று கேட்டாள். தம்பி லேப்டாப்பைக் காரின் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. ஸ்டார்ட் செய்யும்போது ஊற்றும் அளவு இன்னும் பழைய சின்ன இன்ஜெக்டருக்கான அளவாகவே இருந்தது.

மாற்றினால் தீர்ந்தது என்றுதான் இருவரும் நினைத்தார்கள். எங்கே தீர்ந்தது? சரியான எண் எது என்று யாருக்கும் தெரியாது. தேடலாம் என்றால், பந்தயக் கோட்டில் இருப்பதுபோல ஆறிய இன்ஜினில்தான் தேடவேண்டும், ஆறிய இன்ஜின் ஒரு நாளைக்கு ஒருமுறைதான் கிடைக்கும். ஒரு தடவை சாவியைத் திருப்பிவிட்டால் அது சூடாகும், அல்லது நனையும். மறுநாள் காலைவரை வேறு வழியில்லை.

பந்தயத்துக்கு நாற்பத்தொரு நாள் இருந்தது. தினமும் ட்யூட்டிக்குப் போகுமுன் யூனிஃபார்மோடு ஷெட்டில் நின்று ஒரே ஒரு தடவை சாவியைத் திருப்பினாள். வெப்பம், எண், எத்தனை விநாடி, எல்லாம் நோட்டில் ஏறியது. முதல் பதினொரு நாளும் தோல்வி. பிளக்கைக் கழற்றிக் காயவைத்துவிட்டுப் பெட்ரோல் வாடையோடு பஸ் ஏறினாள். வார்டில் குழந்தைகள் மூக்கைச் சுளித்தன. பன்னிரண்டாம் நாள் பிடித்தது. பதிமூன்றாம் நாள் மறுபடி காலை வாரியது. கடைசிப் பத்தொன்பது நாள் தொடர்ந்து, சொன்ன பேச்சைக் கேட்டு ஓடியது.

ஷெட்டில் ஒரு சட்டமும் இருந்தது. ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் பத்து நிமிடமாவது ஓடவிட வேண்டும். உடனே அணைத்தால், குளிருக்கென்று கூடுதலாக ஊற்றிய பெட்ரோல் எரியாமல் உள்ளேயே தேங்கிவிடும்.

பந்தய நாள் காலை, நம்பர் வாங்க அவள் வரிசையில் நின்றாள். தம்பி சாவியைக் காரிலேயே விட்டுவிட்டு டயருக்குக் காற்றுப் பார்க்கும் கருவியைத் தேடிப் போனான். திரும்பி வந்தபோது அவள் கணவர் கைக்குட்டையால் கை துடைத்துக்கொண்டு நின்றார். கணக்கு வாத்தியார். எதையும் ஒழுங்காக அடுக்கி வைக்காவிட்டால் தூக்கம் வராத மனுஷன்.

"தண்ணி லாரிக்கு வழி வேணும்னாங்க. ரெண்டு கார் நீளம் தள்ளி நிழல்ல விட்டுட்டேன்."

"ஸ்டார்ட் பண்ணீங்களாங்க?"

"பின்னே? நாலு செகண்டுதான். பெட்ரோல் வீணாகக் கூடாதேன்னு உடனே அணைச்சிட்டேன்."

தம்பி தலையில் கை வைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். "மாமா..." என்றான்.

நம்பரோடு திரும்பிய அவள் நடந்ததைக் கேட்டாள். நாற்பத்தொரு காலையும் நாலு செகண்டில் போயிற்றே என்று கத்தவேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. "திட்டுறதை வீட்ல வெச்சுக்கலாம். நமக்கு முன்னாடி எத்தனை வண்டி?"

"ஒன்பது."

வண்டிக்கு இரண்டு நிமிடம், ஆக பதினெட்டு நிமிடம். தம்பி நாலு பிளக்கையும் கழற்றினான். அவள் இன்ஜெக்டருக்குக் கரண்ட் போகும் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்து செல்ஃப் அடித்தாள். பிளக் துளைகளிலிருந்து பெட்ரோல் புகையாகப் பீய்ச்சியது. கழுவிப்போன இடத்துக்கு ஊசி போடும் சிரிஞ்சால் அளந்து எண்ணெய் விட்டாள். காய்ந்த பிளக்குகள் ஏறின. பேட்டரி இளைத்திருந்தது. கணவர் ஓடிப்போய் யாரோ ஒருவரைக் கெஞ்சி வேனோடு கூட்டிக்கொண்டு வந்து, அதன் பேட்டரியிலிருந்து இழுத்த வயரைத் தானே பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மனுஷனைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

நம்பர் கூப்பிட்டார்கள். தம்பியும் கணவரும் காரைக் கோட்டுக்குத் தள்ளி வந்தார்கள். பின்னால் யாரோ சிரித்தார்கள். கொடிக்காரர் கடிகாரத்தை அழுத்தினார்.

ஃபியூஸ் இல்லாமலே சுற்றினாள். உள்ளே இன்னும் மிச்சமிருப்பது முதலில் எரியட்டும். பத்து விநாடி. இருபது. ஒன்றுமில்லை. கையை எடுத்தாள், பேட்டரிக்கு மூச்சு விட நேரம் வேண்டும்.

"அக்கா, ஃபியூஸைப் போடுக்கா, நேரமாகுது."

"இருடா."

இப்போது போட்டால் மறுபடி நனையும். பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்துவரை எண்ணிவிட்டுத் திரும்பச் சுற்றினாள். நாற்பதாவது விநாடியில் ஒரு இருமல். பிறகு இன்னொன்று. கொடிக்காரர் தலையசைத்தார், அவருடைய ஆட்கள் இரண்டு பேர் வழக்கம்போலப் பின்னால் வந்து டிக்கிமேல் கை வைத்துவிட்டார்கள். மூன்றாவது இருமலில் சாவியை விடாமல் இடது கையால் ஃபியூஸைச் செருகினாள். இன்ஜின் ஒரு தடவை திணறி, உறுமிப் பிடித்தது. வெள்ளைப் புகை அந்த இரண்டு பேரையும் மூடியது. ஐம்பத்தாறு விநாடி.

கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினாள். "கையை எடுங்கண்ணே. நான் போகணும்."

எடுத்தார்கள். கொடி இறங்கியது. இரண்டு வருடமாகத் தாண்ட முடியாத கோட்டைத் தாண்டினாள். முதல் வளைவு வருவதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தால் வேகம் போய்விடும். அழுதுகொண்டே கியரை மாற்றினாள்.