தங்கச்சி இருக்கும்போது ஜெனரேட்டர் எதற்கு

மோகனூர்ப் பக்கம் வயல்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு துணைமின் நிலையத்தில் நான் உதவிப் பொறியாளர். அங்கிருந்து போகும் மின்சாரத்தில்தான் என் அண்ணனின் கோழிப்பண்ணை ஓடுகிறது. முட்டைக்கோழிகள். ஊரில் பண்ணை வைத்திருக்கும் மற்றவர்களிடம் ஜெனரேட்டர் உண்டு, அண்ணனிடம் கிடையாது. யாராவது கேட்டால், "என்ற தங்கச்சி சப்ஸ்டேசன்ல இருக்கறப்ப எனக்கெதுக்குங்க ஜெனரேட்டரு?" என்பார். டீக்கடையிலும் சொல்வார், கல்யாணப் பந்தியிலும் சொல்வார். கேட்க எனக்குப் பெருமையாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும். எங்கள் பிரேக்கரின் யோக்கியதை அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

பிரேக்கர் என்பது கோளாறு வந்ததும் மின்சாரத்தைத் தானே வெட்டிவிடுகிற கருவி. வெட்டும்போது எழும் நெருப்பை அணைக்க அதற்குள் ஒரு வாயுவை அடைத்து வைத்திருப்பார்கள். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைக் கொஞ்சம் பலூனில் பிடித்து என்னை உறிஞ்சச் சொன்னார்கள். உறிஞ்சிவிட்டுப் பேசினால் தெருக்கூத்து அரக்கனின் குரல் வந்தது. எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். வெகுகாலம் அந்த வாயுவைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பிறகு எங்கள் நிறுவனம் பூமியைச் சூடாக்கும் வாயுக்களைக் குறைக்கப் போவதாக முடிவெடுத்தது. சேலத்தில் ஏசி போட்ட மண்டபத்தில் கூட்டம். நிலக்கரியைக் குறைப்பது, கூரையெல்லாம் சோலார் போடுவது, மரக்கன்று நடுவது என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவர் எங்கள் பிரேக்கர் வாயுவுக்கு வந்தார். வெளியே கசிந்தால் அது கரியமில வாயுவைவிடப் பல்லாயிரம் மடங்கு சூட்டைப் பிடித்து வைக்குமாம். நம் பேரப்பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகள் பிறந்த பிறகும் காற்றில் அப்படியே இருக்குமாம். பக்கத்து நாற்காலிக்காரர் பிரியாணி மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது.

ஏனென்றால் எங்கள் பிரேக்கர் கசிந்துகொண்டிருந்தது. நாங்கள் அதைக் கசிவு என்றே நினைத்ததில்லை. அழுத்தம் குறைந்தால் மணி அடிக்கும். எங்கள் போர்மேன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து வாயுவை ஏற்றுவார். மணி நிற்கும், டீ வரும். இதற்கு 'டாப்-அப்' என்று பெயர். எல்லா நிலையங்களிலும் இதுதான் பழக்கம். ஓட்டைக் குடத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பதை நாங்கள் பராமரிப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஓட்டை எதுவென்றும் தெரியும். அடியில் ஒரு ரப்பர் வளையம் தேய்ந்து போயிருந்தது. அதை மாற்ற ஒரு பகல் போதும், ஆனால் அந்தப் பகலில் பாதி ஊர்களுக்குக் கரண்ட் இருக்காது. அந்த ஒரு பகலைத்தான் யாரும் தரவில்லை. கோடையில் கேட்டால் கோழி சாகும் என்றார்கள். ஆடியில் கேட்டால் தறிக்காரர்கள் தீபாவளிச் சரக்கு ஓட்டுகிறார்கள் என்றார்கள். அப்புறம் மழை, அப்புறம் பரீட்சை, அப்புறம் தேர்த்திருவிழா. என் மேலதிகாரியான செயற்பொறியாளர் கசிவைக் குறைக்கச் சொல்லி ஒரு பக்கம் விரட்டுவார், கரண்ட் போகக் கூடாது என்று மறு பக்கம் விரட்டுவார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ராஜினாமா செய்துவிட்டு ஜவுளிக்கடை வைக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

ஒருவழியாக மாசிக் கடைசியில் ஒரு நாளுக்கு அனுமதி வாங்கினேன். புது வளையம் வந்து என் மேசை இழுப்பறையில் இருந்தது. மின்தடை அறிவிப்பு பேப்பரிலும் வந்துவிட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. பண்ணைக்காரர்கள் கூட்டமாகச் செயற்பொறியாளரைப் பார்க்க வந்தார்கள். முன்னால் நின்றவர் என் அண்ணன்.

"வெயில் இப்பவே கொளுத்துதுங்க. ஒரு பகல் பண்ணைல ஃபேனு நின்னா கோழி தாங்காதுங்க. மழை வந்ததும் வெச்சுக்கலாமுங்க" என்றார்.

"சரி, பாத்துக்கலாம்" என்று செயற்பொறியாளர் தள்ளி வைத்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் வெளியே போய் அண்ணனை நிறுத்தினேன். "இப்பச் சொல்லிப்போட்டுக் கரண்ட்டை நிறுத்தறோம். சொல்லாம நின்னா என்னுங்கண்ணா பண்ணுவீங்க?"

"நீ இருக்கற இடத்துல அப்படியெல்லாம் நிக்குமா அம்மிணி? வெசனப்படாத" என்று சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார். அவர் என்னை நம்பியதுதான் எனக்குப் பெரிய தொல்லை.

சித்திரை வந்தது. அந்த வருஷ வெயில் ஆளையே உரித்தது. மணி அடிக்கடி அடித்தது. ஒரு மத்தியானம் மறுபடியும் அடித்தது. சிலிண்டர் நாமகிரிப்பேட்டைப் பக்கம் இன்னொரு நிலையத்துக்கு இதே டாப்-அப்புக்காகப் போயிருந்தது. அது திரும்பி வருவதற்குள் வாயு ஒரேயடியாக இறங்கி, பிரேக்கர் பூட்டிக்கொண்டது. அப்படிப் பூட்டிக்கொண்டால் என்ன கோளாறு வந்தாலும் அது வெட்டாது. ஒன்றும் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டு நின்றேன். ஒரு மயில் பறந்து வந்து கம்பிகளுக்கு நடுவில் உட்கார்ந்தது.

மயில் பட்டுக் கம்பிகள் ஷார்ட் ஆயின. எங்கள் பிரேக்கர் வெட்டாததால் எங்களுக்கு மின்சாரம் தரும் பெரிய நிலையம் வெட்டிக்கொண்டது. பாதி ஊர் இல்லை, எல்லா ஊரும் நின்றது. பழுதைப் பிரித்து ஒதுக்கிவிட்டு மறுபடி மின்சாரம் கொடுப்பதற்குள் வெயில் தாழ்ந்துவிட்டது. அதுவரை அண்ணனின் போன் வந்துகொண்டே இருந்தது. "எப்ப வரும் அம்மிணி?" "வந்துருமுங்கண்ணா." "கோழியெல்லாம் நாக்கைத் தள்ளுது சாமி, எப்ப வரும்?" "வந்துருமுங்கண்ணா." ஒரு கட்டத்தில் போன் வருவது நின்றது.

மறுநாள் பகலில் அந்த வளையத்தை மாற்றினோம். மழை வரட்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதே நேரத்தில் அண்ணன் பண்ணைக்குப் பின்னால் ஜேசிபி குழி வெட்டிக்கொண்டிருந்தது. வேலை முடிந்து போனேன். கோழிகளின் மேல் சுண்ணாம்பைக் கொட்டி மூடிக்கொண்டிருந்தார்கள். திட்டினால் பரவாயில்லை என்று நின்றேன்.

"உன்ற மேல தப்பு ஒண்ணுமில்ல சாமி. நாந்தானே தள்ளி வெக்கச் சொன்னேன். போய்ச் சோறு உண்ணு" என்றார். நான் சொன்னதைக் கேட்டிருந்தால் என்று கத்த வேண்டும்போல இருந்தது. வீட்டுக்கு வந்து குளியலறையில் அழுதேன்.

எங்கள் நிலையத்தில் இப்போது கசிவு இல்லை. வெளியேற்றத்தைக் குறைத்த நிலையம் என்று சேலத்துக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டு, ஒரு வேப்பங்கன்றும் கொடுத்தார்கள். அதை வீட்டு வாசலில் வைத்திருக்கிறேன், நன்றாகத்தான் வருகிறது.

எங்கள் மாடியில் நின்றால் அண்ணன் பண்ணை தெரியும். புதிதாகக் கட்டிய கொட்டகைக்குள் ஒரு பெரிய டீசல் ஜெனரேட்டர் நிற்கிறது. விளக்கு ஒரு தடவை மினுக்கினாலே போதும், அது உறுமத் தொடங்கிவிடும். அந்தப் புகை எங்கள் நிறுவனத்தின் கணக்கில் வராது. தங்கச்சி சப்ஸ்டேசனில் இருக்கிறாள் என்று அண்ணன் இப்போதெல்லாம் யாரிடமும் சொல்வதில்லை.

போன வாரம் காலையில் சற்று நேரம் மின்சாரம் போய் வந்தது. வந்த பிறகும் புகை நிற்கவில்லை. போன் செய்தேன்.

"கரண்டு வந்துருச்சுங்கண்ணா."

"தெரியும் அம்மிணி. நெலைச்சு நிக்குதான்னு பாத்துட்டு ஜெனரேட்டர அமத்தறேன்" என்றார்.