அறுபதாம் நாளுக்கு முந்தின நாள் கொடுத்த வாழைப்பழம்

திருட்டு மிளகு வாங்கினேன் என்று என்மேல் கேஸ். மலைமேல் சோளக்காடு என்கிற ஊரில் மிளகுக்கடை வைத்திருப்பவன் மிளகு வாங்காமல் வேறென்ன வாங்குவான்? மூட்டைமேல் திருடியது என்று எழுதியா இருக்கும்? இதை நீதிபதியிடம் கம்பீரமாகக் கேட்கத்தான் நினைத்திருந்தேன். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் வராத வாந்தி, கோர்ட் படியேறியதும் வந்துவிட்டது. ரிமாண்டு. கீழே சப்-ஜெயில். ஜாமீன் மனு இரண்டு தடவை தள்ளுபடி.

வக்கீல் ஒரு வழி சொன்னார். அறுபது நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை போடவில்லை என்றால், நான் யோக்கியனா இல்லையா என்ற பேச்சுக்கே இடமில்லை, ஜாமீன் என் உரிமை. ஆனால் கெடு முடிந்த மறுநாள் காலையிலேயே நம் மனு போய்விட வேண்டும். அவர்கள் முந்திக்கொண்டால் அந்த உரிமை போச்சு. "அதுவரைக்கும் யாரும் மூச்சு விடக்கூடாதுங்க" என்றார்.

நமக்கு வராத வித்தை அது ஒன்றுதான்.

ஐம்பத்தெட்டாம் நாள் என் மனைவியின் தம்பி பார்க்க வந்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஏட்டய்யாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மனுப் போடச் சொன்னேன். எங்கள் மலையில் ஒருத்தன்மேல் பஞ்சாயத்து வைப்பதென்றாலும், முதலில் அவன் ஊட்டுக்கே போய் 'உம்மேல சொல்லப்போறேன்' என்று சொல்லிவிட்டுத்தான் வைப்போம். சொல்லாமல் வைத்தால் குற்றம் நம்மேல் திரும்பிவிடும். ஏட்டு கீழ்நாட்டிலிருந்து மாற்றலாகி வந்தவர். மூன்று வருசமாக எங்கள் ஊட்டில் சாமைச்சோறு தின்றவர், என்னை அண்ணா என்று கூப்பிடுகிறவர். என் கேஸ் கட்டை எழுதுவதும் அவர்தான். மறைத்துச் செய்தால் கோவித்துக்கொண்டு இன்னொரு கேஸ் போட்டுவிடுவாரோ என்ற பயம் வேறு.

"வக்கீல் வேண்டாம்னாருங்களே மாமா" என்றான் மச்சினன். உள்ளே நின்றுகொண்டு, வெளியே நிற்பவனுக்கு மரியாதை என்றால் என்ன என்று பாடம் எடுத்தேன்.

மறுநாள் அவன் ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தோடு போனான். ஏட்டு பழத்தை வாங்கிக்கொண்டு, முதுகில் தட்டி, "அதுக்கென்ன கண்ணு, தாராளமாப் போடுங்க. அண்ணன் வெளிய வரட்டும்" என்றாராம். இதைக் கேட்ட நிம்மதியில் ஜெயில் உப்புமாவை இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றேன். அந்த உப்புமாவைத் தின்றவர்களுக்குத்தான் தெரியும், என் நிம்மதி எவ்வளவு பெரியது என்று.

அறுபத்தோராம் நாள் வக்கீல் மனுவோடு போனார். முந்தின நாள் சாயங்காலமே குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

வக்கீலும் மச்சினனும் ஜெயிலுக்கு வந்தார்கள். யார் வெளியே சொன்னது என்று வக்கீல் கேட்டார். மச்சினன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். "நாந்தானுங்க சொன்னேன்" என்றான். மூச்சு விடாமல் இருப்பது எப்படி என்று நான் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

மேலும் நாற்பது நாள் கழித்துச் சாதாரண ஜாமீன் கிடைத்தது. வாரம் ஒருநாள் மலை ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். முதல் வாரம் ஏட்டே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"தப்பா நெனக்காதீங்கண்ணா. உங்க கட்டு எல்லாத்துக்கும் அடியில கெடந்துச்சு. தம்பி வந்து சொல்லலீன்னா நாள் போனதே எனக்குத் தெரிஞ்சிருக்காது."

நன்றி சொல்கிற தொனியில்தான் சொன்னார். நானும் பழக்கதோஷத்தில் சிரித்துவைத்தேன்.

இரண்டாம் வாரம் என் கையில் பையைப் பார்த்துவிட்டு, எந்த ஊருக்குப் பஸ் ஏறுகிறேன் என்று கேட்டார். இந்தக் கையெழுத்து நிபந்தனையைத் தளர்த்த மனுப் போட வக்கீலிடம் போய்க்கொண்டிருந்தேன். மலையை விட்டு இறங்குகிறவன் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டு இறங்குவதுதான் எங்கள் வழக்கம்.

"சும்மாதாங்க" என்றேன்.

பொய் பழக்கமில்லாத கை, அன்றைய கையெழுத்தைக் கோணலாகப் போட்டுவிட்டது. ஏட்டு நோட்டைத் திருப்பிப் பார்த்து, போன வாரத்துக் கையெழுத்து மாதிரி இல்லையே அண்ணா, இன்னொருக்காப் போடுங்க என்றார்.