வராத வருடத்துக்குப் பூஜ்யம் போடுவது யார்?

ஒரு ஹாக்கி டோர்னமென்ட் கமிட்டித் தலைவரிடம் நான் கத்தியதை இன்றைக்கும் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். சொல்லட்டும். கத்த வேண்டிய இடத்தில்தான் கத்தினேன். சங்கரன்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து, ஹாக்கி டீமை வளர்த்து, போன வருடம் ஓய்வு பெற்றவள் நான். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் "என்னதான் நடந்தது மேடம்?" என்று கேட்கிறார்கள். இதுதான் நடந்தது.

1. முதல் மரியாதை

புளியங்குடியில் வருடாவருடம் பள்ளிப் பெண்களுக்கு ஒரு ஹாக்கி டோர்னமென்ட் உண்டு. கமிட்டித் தலைவர் எலுமிச்சைக் கமிஷன் மண்டி வைத்திருப்பவர். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. ஒரு தனியார் பள்ளிக்கும் தாளாளர். அந்தப் பள்ளி டீமும் ஆட வரும்.

முதல் சுற்று ஆடாமல் நேரே காலிறுதிக்குப் போவதை எங்கள் தொழிலில் 'பை' என்போம். பை யாருக்கு என்பதில் அங்கே ஒரு வழக்கம். கோயில் கொடை விழாவில் முதல் மரியாதை கொடுப்பதுபோல, நன்கொடைக்காரர் பள்ளிக்கு முதல் பை. ஆட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய டோர்னமென்ட் அது. என் கேப்டன் மாரிச்செல்வி ப்ளஸ் டூ. அப்பா தறி ஓட்டுகிறவர். "ஸ்போர்ட்ஸ் கோட்டால சீட் கெடச்சா காலேஜுக்குப் போ, இல்லன்னா தறிக்கு வந்துரு" என்று அவர் கறாராகச் சொல்லியிருந்தார். கோட்டாவுக்கு ஆள் பார்க்க வரும் கல்லூரி உடற்கல்வி இயக்குநர் காலிறுதியிலிருந்துதான் உட்கார்ந்து பார்ப்பார். பை இல்லாத டீம் அன்று காலை வெயிலில் ஒரு மேட்ச் ஆடி முடித்து, செத்த காலோடு மத்தியானம் அவர் முன்னால் போய் நிற்க வேண்டும். அதனால்தான் அந்தப் பைக்காக அப்படி அடித்துக்கொண்டேன்.

யாரோடு யார் ஆடுவது என்று ஃபிக்ஸ்சர் போட மண்டி மாடியில் கூட்டம். "அண்ணாச்சி, மரியாதைக்குப் பை கொடுக்காதிய. ஆட்டத்துக்குக் குடுங்க" என்றேன்.

"எங்க பிள்ளைக கப்பு அடிச்ச டீமு டீச்சர்!" என்றார்.

"அது என்னைக்கோ அடிச்சது. அந்தப் பிள்ளைகளுக்கு இப்பம் கல்யாணமே ஆயிட்டு."

2. ஐஸ் ஹாக்கிக்காரன் கணக்கு

முன்பு ஆசிரியர்களுக்கான ஒரு புத்தொளிப் பயிற்சியில், உலகத்தில் ஐஸ் ஹாக்கி டீம்களுக்கு எப்படி ராங்க் போடுகிறார்கள் என்று ஒரு வகுப்பு எடுத்தார்கள். அதைக் கூட்டத்தில் சொன்னேன். "சங்கரன்கோயில்ல ஐஸுன்னா குச்சி ஐஸுதான் டீச்சர்" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடியட்டும் என்று காத்திருந்தேன்.

கணக்கு லேசானது. உலக சாம்பியன்ஷிப்பிலும் குளிர்கால ஒலிம்பிக்கிலும் ஒரு நாடு எத்தனையாவது இடத்தில் முடித்ததோ அதற்குப் புள்ளி. சாம்பியன்ஷிப்பைப் பல பிரிவாக நடத்துவார்கள். மேல்பிரிவில் கடைசியாக வந்தவனுக்குக் கீழே அடுத்த பிரிவின் முதல் ஆள் என்று வரிசை அறுபடாமல் போகும். அடிமட்டப் பிரிவில் கிடக்கிற நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. சும்மா ஆடுகிற ஃப்ரெண்ட்லி மேட்ச் கணக்கிலேயே வராது. முக்கியமானது இனிமேல்தான். கடைசியாக நடந்த வருடத்துக்கு முழுப் புள்ளி. அதற்கு முந்தினதுக்கு முக்கால், அப்புறம் அரை, அப்புறம் கால். அதற்கும் முந்தினது செல்லாக் காசு. தாத்தா காலத்தில் தங்கம் வாங்கியதைச் சொல்லி யாரும் காலாட்டிக்கொண்டு உட்கார முடியாது. ஒலிம்பிக்குக்கு நேரே போகிறவன் யார், தகுதிச் சுற்று ஆடுகிறவன் யார் என்பதற்கும் இந்த ராங்க்தான்.

"நல்லாத்தான இருக்கு" என்றார் அண்ணாச்சி. "இதையே வச்சுக்கிடுவோம். மேல நாலு டீமுக்குப் பை."

இவ்வளவு சுலபமாக அவர் ஒத்துக்கொண்டதும் எனக்குச் சுருக்கென்றது. "அண்ணாச்சி, போன வருசம் எங்களால வர முடியலலா? அதை மட்டும் கணக்குல விட்டுருங்க" என்றேன்.

"பாத்துக்கிடலாம் டீச்சர்."

எங்கள் பக்கத்தில் 'பாத்துக்கிடலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று தெரியுமே.

3. தபசு அன்றைக்கு மேட்ச்

அதற்கு முந்தின வருடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். சிறப்பு விருந்தினருக்கு வசதிப்படவில்லை என்று, டோர்னமென்ட்டையே ஆடித் தபசு அன்றைக்கு மாற்றி வைத்தார்கள். எங்கள் ஊரே கோமதி அம்மனுக்காகத் திரண்டு நிற்கிற நாள். பஸ்ஸை ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். வேன்காரர் "டவுனுக்குள்ள விடமாட்டாவ டீச்சர், நான் வரல" என்றார். பாதிப் பிள்ளைகளை வீட்டில் அனுப்பவே இல்லை. முன்கூட்டியே போன் போட்டுத் தேதியை மாற்றச் சொல்லிக் கெஞ்சினேன். அப்போதும் 'பாத்துக்கிடலாம்' என்றுதான் பதில். நாங்கள் வராததால் எதிர் டீம் ஜெயித்ததாக வாக்ஓவர் கொடுத்தார்கள். எதிர் டீம் யார்? அண்ணாச்சி பள்ளி! அந்த வருடம் எட்டே டீம் என்பதால் முதல் மேட்சே காலிறுதி; ஒரு பந்து அடிக்காமல் அரையிறுதிக்குப் போனார்கள்.

இந்த மாவட்டத்தில் தபசு என்றைக்கு என்று தெரியாத ஆள் உண்டா? காலையில் அங்கே டோர்னமென்ட்டைத் தொடங்கி வைத்த அதே அண்ணாச்சி, சாயங்காலம் எங்கள் ஊர்த் தெருவில் குடும்பத்தோடு தபசுக் காட்சி பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றார். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

4. ஐந்தாவது இடம்

ராங்க் வந்தது. அதற்கு முந்தைய மூன்று வருடமும் அரையிறுதிக்குக் குறையாத எங்கள் டீம் ஐந்தாவது. தபசு வருடத்துக்குப் பூஜ்யம். அதுதான் முழுப் புள்ளி வருடம். ஆடாமலே அரையிறுதிக்குப் போன அண்ணாச்சி பள்ளி நான்காவது, அவர்களுக்குப் பை.

மண்டிக்கே போனேன். எலுமிச்சை மூட்டைகளுக்கு நடுவில் நின்று கத்தினேன். "கொரோனால உலக சாம்பியன்ஷிப்பே நடக்காமப் போச்சு. அதுக்காக எந்த நாட்டுக்கும் அவங்க பூஜ்யம் போடல அண்ணாச்சி! ஆட விடாம ஆக்கிட்டு மார்க் இல்லன்னா, அது என்ன நியாயம்?"

"அது அங்கன டீச்சர். இங்கன வராதவங்களுக்கு மார்க் எப்படிப் போட? நீங்க சொன்ன ரூலைத்தான வச்சிருக்கோம்" என்றார், சிரித்துக்கொண்டே. நான் கொண்டுபோன அரிவாளை வாங்கி என் கழுத்திலேயே வைத்தார் மனிதர்.

டோர்னமென்ட் அன்று காலையில் முதல் சுற்று ஜெயித்தோம். மத்தியானம் காலிறுதி, அதே அண்ணாச்சி பள்ளியோடு. அவர்கள் நிழலில் ஜூஸ் குடித்துவிட்டு இறங்கினார்கள். கடைசிவரைக்கும் சமமாக நின்று, முடிகிற நேரத்தில் ஒரு பெனால்டி கார்னரில் தோற்றோம். மாரிச்செல்விக்குத் தொடை பிடித்துக்கொண்டு ஓடவே முடியவில்லை. கல்லூரிக்காரர் அந்த டீமில் இரண்டு பேரிடம் பெயர் கேட்டு எழுதிக்கொண்டு போனார். எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அவள் ஒரு சொட்டு அழவில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, தொடையை நீவிக்கொண்டே கேட்டாள்: "டீச்சர், காலிறுதிக்கு வந்துட்டோம்லா? இது அடுத்த வருசத்துக்கு முழுப் புள்ளிதான? அப்பம் நம்ம சின்னப் பிள்ளைகளுக்குப் பை கெடச்சிரும்லா?"

எனக்குத்தான் அழுகை வந்தது. அவள் கையை விலக்கிவிட்டு அந்தத் தொடையை நானே நீவினேன்.

அவள் இப்போது தறிக்குத்தான் போகிறாள். ராங்க் போடுவது நல்ல முறைதான், நான் இப்போதும் அதற்குக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளைகளே, உங்களிடம் யாராவது ராங்க் முறை என்று கொண்டு வந்தால், ஜெயித்தவனுக்கு எவ்வளவு புள்ளி என்று அப்புறம் கேளுங்கள். வர முடியாமல் போனவளுக்குப் பூஜ்யம் போடும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். 'பாத்துக்கிடலாம்' என்று பதில் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். கத்துங்கள்.