படுக்கையறையில் முப்பது குஞ்சுகள்

என் கணவருக்குக் கோழி வளர்க்கத் தெரியாது. அது குற்றமில்லை, எனக்கும்தான் தெரியாது. ஆனால் தெரியாது என்பதே அவருக்குத் தெரியாது. அது என் தலையெழுத்து.

அறுபதுகளின் தொடக்கம். திண்டிவனத்தில் மாமனார் வீட்டில் மருமகள்கள் மூன்று, அடுப்பு ஒன்று. கடைசி மருமகள் நான். மூத்த ஓரகத்தி உலை வைப்பாள், இரண்டாமவள் குழம்பு கூட்டுவாள், எனக்கு மிஞ்சியது கரிப்பாத்திரம். மூன்றே மாதத்தில் தனிக்குடித்தனம் வேண்டுமென்று கணவரை அரிக்கத் தொடங்கினேன். பள்ளிக்கூட ஆபீஸில் குமாஸ்தா வேலை பார்த்த அந்த மனிதர் ஒருநாள் எப்படியோ தைரியம் வந்து அப்பாவிடம் வாயைத் திறந்தார்.

"தனியா போயி இன்னாடா பண்ணுவ? ஒரு கோழிக்குஞ்ச காப்பாத்தத் துப்பு இருக்குதா உனுக்கு?" என்றார் மாமனார்.

பெற்றவர்கள் வாயில் வழக்கமாக வருகிற பேச்சு. இவர் அதைப் பந்தயமாக எடுத்துக்கொண்டார்!

"காப்பாத்திக் காட்டினா?"

"காட்டு. முட்ட வெக்கிற வரைக்கும் வளத்துக் காட்டு. கொல்லையில இருக்கிற ஓட்டு வீட்ட உனுக்கே வுட்டுடறேன்."

மறுவாரம் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார், மடியில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியோடு. உள்ளே லெகார்ன் என்கிற வெள்ளைச் சீமைக்கோழிக் குஞ்சுகள் முப்பது. முட்டையை விட்டு வந்து ஒருநாள்தான் ஆகியிருந்தது. தாய்க்கோழி கிடையாது. பிளாக் ஆபீஸில் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருந்தார்கள், அதுதான் தாய். அடைக்கோழி ஒன்றைப் பிடித்து அதன் இறக்கைக்கடியில் தள்ளிவிடச் சொல்லித் தெருவே யோசனை சொன்னது. "நாட்டுக்கோழிக்கு சயின்ஸ் தெரியுமா?" என்று கேட்டார் இவர்.

கொல்லையில் பூனை. அதனால் பெட்டி எங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் குடியேறியது. அடியில் உமி, நடுவில் அரிக்கேன் விளக்கு. சூடு தொண்ணூற்றைந்து டிகிரி இருக்க வேண்டுமாம். கம்பவுண்டரிடமிருந்து காய்ச்சல் பார்க்கிற தர்மாமீட்டரை வாங்கி வந்து செருகினார். மூன்று நாள், காலையும் மாலையும் தொண்ணூற்றெட்டு. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஏறின ரசம் உதறாமல் இறங்காது என்பது படிக்காத எனக்குத் தெரிந்திருந்தது. உதறிக் காட்டினேன். ஐந்து குஞ்சுகள் அதற்குள் குளிரில் விறைத்துப் போயிருந்தன. படித்த முட்டாளுக்கு மருந்தே கிடையாது!

அறை நாறியது. என் புடவை நாறியது. மூத்த ஓரகத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னாடி, தனிக்குடித்தனம் இப்பவே வாசம் தூக்குது?" என்றாள். நான் கேப்பை நொய்யும் மல்லாட்டைக் கடலைப் பிண்ணாக்கும் இடித்துப் போட்டேன். எனக்கு அந்த ஓட்டு வீடு வேண்டும்.

மூன்றாவது வாரம் இருபத்திரண்டு நின்றன. இறக்கை முளைத்து, பெட்டியின் விளிம்பில் ஏறி உட்கார்ந்தன. மாமனார் வந்து எட்டிப் பார்த்தார். கிண்டல் இல்லை. "கொல்ல வூட்டு ஓட்ட மாத்தணும், ஒழுவுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார். நான் அன்றே மனசுக்குள் அந்த வீட்டில் அடுப்புப் போட்டுவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, கணவர் ஆபீஸ் போயிருந்தார். நான் அவசரத்தில் அகலத் தாம்பாளத்தில் தண்ணீர் வைத்துவிட்டேன். எல்லாம் அதில் இறங்கிக் கும்மாளம் போட்டு, நனைந்து நடுங்கின. தலைக்கு ஊற்றின கைக்குழந்தையை நம் வீடுகளில் என்ன செய்வோம்? தணலில் சாம்பிராணி போட்டு, மேலே கூடையைக் கவிழ்த்து, புகையில் தலையைக் காட்டுவோம். நானும் தணல் எடுத்தேன். கை நிறையச் சாம்பிராணி போட்டேன். குஞ்சுகளைப் பக்கத்தில் விட்டுக் கூடையால் மூடி, சூடு வெளியே போகாமல் மேலே பழைய புடவையையும் போர்த்தினேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கியது. கதகதப்பில் தூங்குகின்றன என்று நினைத்துக்கொண்டு பாத்திரம் தேய்க்கப் போனேன், பாவி.

கூடையைத் தூக்கியபோது இருபத்திரண்டும் போயிருந்தன.

சாயங்காலம் கணவர் வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். கூடையைப் பார்த்தார், தணல் சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பின்னாலேயே மாமனார்.

"எவண்டா பொக போட்டது?"

"நான்தான்பா. புத்தகத்துல அப்படித்தான் போட்டிருந்துது."

கையில் டிபன் கேரியர், காலில் செருப்பு, அக்குளில் குடை. பொய் சொல்லக்கூட ஒரு சாமர்த்தியம் வேண்டாமா? ஆனால் மாமனாருக்குக் கோபத்தில் கண் தெரியவில்லை. நம்பிவிட்டார். "உனுக்கு வீடு ஒரு கேடா?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அதே அடுப்படியில் கிடந்தேன். விருந்தாளி வந்தால் போதும், மாமனார் பந்தியில் உட்கார்ந்து ஆரம்பித்துவிடுவார்: "என் கடைசிப் புள்ள கோழிக்குஞ்சுக்குச் சாம்பிராணி போட்டவன்!" இலைக்கு இலை சிரிப்பார்கள். என் கணவரும் சோற்றைப் பிசைந்துகொண்டே கூடச் சிரிப்பார். இந்தத் தெருவில் என் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது. அந்த வாயால் நான் ஒவ்வொரு தடவையும், "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களா?" என்று மட்டும்தான் அவரைக் கேட்டேன்.